கதை எழுத வைத்தே சொல்வளம் பெருக்கலாம்: தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் எடுப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அருஞ்சொற்பொருளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பார்த்து எழுதச் சொல்லி, சொல்வதெழுதுதல் வைத்து, 'வாக்கியத்தில் அமைத்து எழுதுக'வையும் முடித்துவிட்டால் அந்த வாரம் பிள்ளைகள் பத்துக்குப் பத்து வாங்கிவிடுவார்கள். அடுத்த மாதம் அதே பிள்ளையை ஒரு கதை எழுதச் சொல்லிப் பாருங்கள், அந்தச் சொற்களில் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. போனான், வந்தான், சொன்னான், பயமா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு, முடிந்தது கதை.

பிள்ளைக்கு மறதி என்று இதற்குக் காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல் அவனுக்குத் தேவைப்படாத நேரத்தில் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான். தன் கதையில் வரும் ஆட்டுக்குட்டி வழி தெரியாமல் நிற்கிறது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள், அந்த நேரத்தில் 'திகைத்து நின்றது' என்று ஒரு சொல்லைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வான், ஏனென்றால் அவனுக்கு அது இப்போது வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்: சொல்லுக்கான தேவையை முதலில் உண்டாக்குவது, பிறகு சொல்லைக் கொடுப்பது.

தொடங்கும் முன்

பெரிதாக ஒன்றும் வேண்டாம். பிள்ளைக்கு ஒரு கதை நோட்டு (கட்டுரை நோட்டோடு கலக்காதீர்கள், அதில் திருத்தம், மதிப்பெண் எல்லாம் வரும்), சுவரில் ஒரு பெரிய சார்ட், பழைய காலண்டர் தாளை வெட்டிய துண்டுச் சீட்டுகள், ஒரு அட்டைப் பெட்டி. வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கினால் ஒரு கதை இரண்டு வாரத்தில் முடியும். ஒரே நாளில் எழுதி முடிக்க வைக்கும் கதையில் சொல் வளராது, தெரிந்த சொல்லையே போட்டு ஓடிவிடுவார்கள்.

வகுப்பில் எல்லோரும் ஒரே நிலையில் இருக்க மாட்டார்கள். தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது பிள்ளைகளின் கற்றல் நிலையைக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது இதற்காகத்தான். கதை எழுதும் வேலையில் அந்தப் பிரிவை வைத்துத் தனித்தனியாக உட்கார வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. எழுதத் தெரியாத பிள்ளைக்குக் கதை சொல்லத் தெரியும், பல நேரம் எழுதத் தெரிந்தவனைவிட நன்றாகவே சொல்லும். அரும்பு நிலைப் பிள்ளை சொல்லட்டும், மலர் நிலைப் பிள்ளை எழுதட்டும். இருவர் பெயரும் கதையின் கீழே வரட்டும்.

முதல் படி: வாயால் கதை

நோட்டைத் திறக்கவே விடாதீர்கள். ஒரு பொருளைக் கொண்டுபோய் நடுவில் வையுங்கள். ஒற்றைச் செருப்பு, துருப்பிடித்த பூட்டு, கைப்பிடி உடைந்த குடை, எதுவானாலும் சரி, ஆனால் பழையதாக இருக்கட்டும், பழைய பொருளுக்கு ஏதோ நடந்திருக்கும் என்று பிள்ளைகளுக்கே தோன்றும். "இது யாருடையது? ஏன் ஒண்ணு மட்டும் இருக்கு? இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் அவர்கள் பேசுவதில் வரும் நல்ல சொற்களை மட்டும் ஒன்றும் சொல்லாமல் சார்ட்டில் எழுதிக்கொண்டே போங்கள். "வாரு அந்துபோச்சு சார்" என்று ஒருவன் சொன்னால் 'வார்', 'அறுந்தது' என்று எழுதுங்கள். அவன் சொன்னது பலகையில் ஏறுவதைப் பார்த்தவுடன் அடுத்தவன் இன்னும் கொஞ்சம் யோசித்துப் பேசுவான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டில் பேசும் சொல்லைக் 'கொச்சை' என்று தள்ளிவிட்டுச் சொல்வளத்தை வளர்க்க முடியாது. ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்குக் கிடா, மறி, பட்டி, கிடை, துறட்டி எல்லாம் தெரியும். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு வலையிலும் காற்றிலும் எத்தனை வகை உண்டோ அத்தனைக்கும் பெயர் தெரியும். இவையெல்லாம் சொல்வளம்தான், பாடப்புத்தகத்தில் இல்லாததால் நாம் கணக்கில் எடுப்பதில்லை. சார்ட்டில் பேச்சு வடிவத்தையும் எழுத்து வடிவத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினால் போதும், எது எங்கே வரும் என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

இரண்டாம் படி: ஒட்டாத இரண்டு சொற்கள்

கதைக்கு விதை வேண்டும். 'உனக்குப் பிடித்ததை எழுது' என்று விட்டால் பாதிப் பேர் பாட்டி வடை சுட்ட கதையையே மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். இத்தாலிய எழுத்தாளர் ஜியான்னி ரோடாரி ஒரு வழி சொன்னார், 1973இல் வந்த அவருடைய புத்தகத்தில் விரிவாகவே இருக்கிறது: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களைப் பக்கத்தில் வை, நடுவில் கதை தானாகப் பிறக்கும். நாயும் அலமாரியும் என்பது அவர் கொடுக்கும் எடுத்துக்காட்டு. நம் வகுப்பில் இது அப்படியே எடுபடும்.

இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் கரும்பலகையின் இரண்டு ஓரத்திலும் ஆளுக்கொரு பெயர்ச்சொல் எழுதச் சொல்லுங்கள். 'தவளை', 'ரேஷன் கடை' என்று வரும். 'யானை', 'தீப்பெட்டி' என்று வரும். இப்போது வேற்றுமை உருபுகளைப் போட்டு விளையாடுங்கள்: தவளையின் ரேஷன் கடை, ரேஷன் கடைக்குப் போன தவளை, தவளையால் மூடப்பட்ட ரேஷன் கடை, தவளையோடு ரேஷன் கடைக்கு. ஒவ்வொன்றும் வேறு வேறு கதை. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்துக்கொண்டிருந்த உருபுகள் என்ன வேலை செய்கின்றன என்பதும் அன்றைக்கே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். 'குருவி', 'கூடு' மாதிரி ஒட்டும் சொற்கள் விழுந்தால் இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள், அதில் கதைக்கு இடமே இல்லை.

மூன்றாம் படி: எந்தச் சொற்களைக் கொடுப்பது

விதை கிடைத்ததும் நீங்கள் சில சொற்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஐந்து அல்லது ஆறு, அதற்கு மேல் வேண்டாம். எந்த ஐந்து என்பதில்தான் ஆசிரியரின் யோசனை இருக்கிறது.

பிள்ளைக்குத் தேவையான சொற்களை மூன்று வகையாகப் பாருங்கள். பேச்சில் ஏற்கெனவே இருப்பவை (ஓடு, மழை, அழு) முதல் வகை. எந்தக் கதையிலும் பயன்படுபவை, ஆனால் வீட்டுப் பேச்சில் அவ்வளவாக வராதவை இரண்டாவது: தயங்கினாள், திகைத்தது, தேற்றினார், நெருங்கியது, முணுமுணுத்தான், சட்டென்று, தொலைவில், வியந்தாள், கெஞ்சியது. மூன்றாவது, ஒரு துறைக்கு மட்டும் உரியவை, 'வேற்றுமை', 'ஒளிச்சேர்க்கை' போல. உங்கள் ஐந்தையும் இரண்டாம் வகையிலிருந்தே எடுங்கள். 'தயங்கு' தெரிந்த பிள்ளை தவளைக் கதையிலும் எழுதும், திருவிழாக் கதையிலும் எழுதும், நாளைக்கு அறிவியல் பாடத்தில் அந்தச் சொல் வந்தாலும் படித்துப் புரிந்துகொள்ளும்.

அந்தச் சொற்களுக்குப் பொருள் எழுதிப் போடாதீர்கள். நடிக்கச் சொல்லுங்கள். கதவு வரைக்கும் 'தயங்கிப்' போ, இப்போது 'பதுங்கிப்' போ, இப்போது 'தள்ளாடி'ப் போ. ஒருத்தி நடிக்க, மற்றவர்கள் எந்தச் சொல் என்று கண்டுபிடிக்க வேண்டும். தயங்குவதற்கும் பதுங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை வாயால் விளக்க நமக்கே சிரமம், நடந்து காட்டினால் ஐந்து நிமிட வேலை. பின்வரிசைப் பிள்ளைகள் முதலில் கை தூக்குவதும் இந்த விளையாட்டில்தான்.

நான்காம் படி: முதல் வரைவு, கோடு போடும் விதி

இப்போது நோட்டைத் திறக்கலாம். பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி: சொல் தெரியாத இடத்தில் நிற்காதே, ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போ. "தவளை ரேஷன் கார்டை ________ கொண்டே ஓடியது." கோட்டுக்கு மேலே சின்னதாகப் படம் போடலாம், பேச்சுச் சொல்லிலேயே எழுதி வைக்கலாம். எழுத்துப் பிழையைப் பற்றி இந்தக் கட்டத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது, நீங்களும்தான். சிவப்பு மையைப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

இந்தக் கோடு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிழை வந்துவிடுமோ என்று பயப்படும் பிள்ளை எப்போதும் எழுதத் தெரிந்த சொல்லைத்தான் தேர்ந்தெடுக்கும், 'கிழிந்தது' என்பதில் ழி வருமா ளி வருமா என்று குழம்பி 'கெட்டுப்போச்சு' என்று எழுதிவிடும். கோடு போடலாம் என்று தெரிந்துவிட்டால் மனதில் இருக்கும் கதையைச் சுருக்காமல் எழுதும். உங்களுக்கும் எந்தச் சொல் யாருக்கு வேண்டும் என்ற பட்டியல் நோட்டிலேயே கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: சொல் கேட்கும் நேரம்

மொத்த முறையில் முக்கியமான பகுதி இதுதான். வரைவு முடிந்த அடுத்த பாடவேளையில் ஒவ்வொருவரிடமாகப் போய் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் திருத்த வந்ததாகத்தான் தோன்றும், பக்கத்தில் உட்காருங்கள்.

ராமநாதபுரம் பக்கம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படி எழுதியிருக்கிறான் என்று வையுங்கள்: "ஆட்டுக்குட்டி காட்டுக்குப் போச்சு. அங்க மரம் இருந்துச்சு. பயமா இருந்துச்சு. அப்பா வந்தாரு. வீட்டுக்குப் போச்சு." இதில் என்ன சொல்லிக்கொடுக்க என்று தோன்றும். சொல்லிக்கொடுக்காமல் கேளுங்கள்.

"குட்டி எப்படிப் போச்சு?"

"துள்ளித் துள்ளிப் போச்சு சார்."

"அதை எழுதவே இல்லையே! சரி, அதுக்குப் பயம்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"காலெல்லாம் வெடவெடன்னு ஆடுச்சு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிருச்சு."

"எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுச்சா? கண்ணு எப்படி இருந்துச்சு?"

பையன் கண்ணை அகலமாக விரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக் காட்டுகிறான். சொல் இல்லை. இப்போதுதான் உங்கள் முறை. "இதுக்கு ரெண்டு சொல் இருக்கு. 'திகைத்து நின்றது'ன்னு சொல்லலாம். 'மலங்க மலங்க விழித்தது'ன்னும் சொல்லலாம். உன் குட்டிக்கு எது சரியா இருக்கும்?" ஒன்றாகக் கொடுக்காமல் இரண்டாகக் கொடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது, தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் இரண்டையும் வாயில் போட்டுப் பார்த்தாக வேண்டும். அவன் மலங்க மலங்கவை எடுத்துக்கொள்வான், கண்ணை உருட்டிக் காட்டியவனுக்கு அதுதான் பொருந்தும்.

அப்பா கையில் என்ன இருந்தது என்று கேட்டால் "தொரட்டி" என்பான். அது என்ன என்று உண்மையிலேயே தெரியாதவராகக் கேளுங்கள், வேறு ஊரிலிருந்து வந்த ஆசிரியர் என்றால் தெரியாமலும் இருக்கலாம். நீளக் கம்பு, நுனியில் வளைந்த அரிவாள், கருவேலங்காய் இழுத்துப் போடுவதற்கு என்று அவன் விளக்குவான். 'துறட்டி' என்று எழுதிக் காட்டுங்கள். அடுத்த வரைவு இப்படி வரும்:

"ஆட்டுக்குட்டி துள்ளித் துள்ளிக் காட்டுக்குள்ளே போனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கருவேல மரம். வழி தெரியாமல் மலங்க மலங்க விழித்தது. கால்கள் வெடவெடவென நடுங்கின. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அப்போது தோளில் துறட்டியோடு அப்பா வந்தார்."

இதில் நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு புதிய சொற்றொடர்தான். மற்றதெல்லாம் அவனிடமே இருந்தது, எழுத்துக்கு வராமல் கிடந்தது. ஒரு கதைக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று புதிய சொல் போதும், ஆசைப்பட்டு அள்ளிக் கொட்டினால் கதை உங்களுடையதாகிவிடும்.

நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் எல்லோரிடமும் ஒரே நாளில் உட்கார முடியாது. ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள், அப்போது கதை முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை. மற்றவர்கள் ஜோடியாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டி, 'எப்படி?', 'உனக்கு எப்படித் தெரிஞ்சது?' என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கட்டும். ஆசிரியர் கேட்பதைப் பார்த்துப் பார்த்து இந்தக் கேள்விகள் பிள்ளைகளுக்கு வெகு சீக்கிரம் வந்துவிடும்.

ஆறாம் படி: 'போனான்' வேட்டை

இரண்டாம் வரைவில் ஒரு விளையாட்டு. கதையில் போனான், வந்தான், சொன்னான், பார்த்தான் வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். அவற்றில் இரண்டை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் கதை நாடக வசனம் மாதிரி ஆகிவிடும், சில இடத்தில் 'சொன்னான்'தான் சரி. சொன்னான் என்பதற்குப் பதில் அதட்டினான், கெஞ்சினான், கிசுகிசுத்தான், புலம்பினான், மறுத்தான். பாத்திரம் எந்த மனநிலையில் பேசியது என்று யோசித்தால்தான் எது பொருந்தும் என்று தெரியும்.

தமிழில் சொல் சேர்க்கப் பெயரடைகளை அடுக்குவதைவிட வினையை மாற்றுவது நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 'அழகான பெரிய சிவப்பான பூ' என்று எழுதும் பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் போக்குவது கடினம். நம்மிடம் பூவுக்கே அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பருவத்துக்கொரு பெயர் இருக்கிறது. மாவடு, வாழைக்கச்சல், பலாமூசு, தென்னங்குரும்பை என்று பிஞ்சுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும் என்று மரபுச்சொற்களாகப் பாடத்தில் படிக்கிறார்கள், பொருத்துக பகுதிக்கு மனப்பாடம் செய்கிறார்கள், அதோடு மறந்துவிடுகிறார்கள். 'இருட்டில் ஒரு சத்தம் கேட்டது, அது எந்த விலங்கு என்று பெயரைச் சொல்லாமல் எழுது' என்று ஒரு கதை கொடுங்கள். பிளிறியது, கனைத்தது என்ற சொற்கள் இல்லாமல் அந்தக் கதையை எழுதவே முடியாது.

இரட்டைக்கிளவியும் இப்படித்தான். சலசல, மடமட, தடதட, கலகல எல்லாம் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே இருப்பவை. ஒரு கதைக்கு இரண்டு போதும், வாக்கியத்துக்கு ஒன்று என்று போனால் படிக்க முடியாது.

ஏழாம் படி: பிழை திருத்தம்

இப்போதுதான் எழுத்துப் பிழை. எல்லாப் பிழையையும் காட்டாதீர்கள். இந்தக் கதைக்கு ல, ள, ழ மட்டும் என்றால் அது மட்டும், அடுத்த கதைக்கு ர, ற. புதிதாக வாங்கிய சொல்லைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்பதைக் கட்டாயம் பாருங்கள், தவறாகப் பதிந்துவிட்டால் பின்னால் மாற்றுவது பெரிய வேலை.

எட்டாம் படி: வாசித்துக் காட்டுதல், சிறு புத்தகம்

கதையை வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டும். கேட்பவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு சொல்லைக் குறித்து வைத்து, முடிந்ததும் சொல்ல வேண்டும், 'நல்லாருந்துச்சு' என்று பொதுவாகச் சொல்லி முடிக்கக் கூடாது. ஒருத்தி எழுதிய 'முணுமுணுத்தது' அடுத்த வாரம் நாலு பேர் கதையில் வருவது இப்படித்தான். பிள்ளைகளுக்கு ஆசிரியர் கொடுக்கும் சொல்லைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எழுதிய சொல்லில்தான் ஆசை அதிகம்.

பிறகு புத்தகம். ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் வரும். அகலவாக்கில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் அளவுக்கு வெட்டுங்கள். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் உள்பக்கம் தள்ளினால் வெட்டிய இடம் திறந்து நாலு இதழாக நிற்கும், அதைச் சுற்றி மடக்கினால் அட்டையோடு எட்டுப் பக்கப் புத்தகம், ஒட்டவும் தைக்கவும் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரியும் ஒரு படமும். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலை வாரியாக இருக்கும், பக்கத்துக்கு எத்தனை வரி போடலாம் என்பதற்கு அவற்றையே மாதிரியாகக் காட்டலாம். பின்னட்டையில் 'இந்தக் கதைக்காக நான் வாங்கிய சொற்கள்' என்று அவர்களே எழுதட்டும். நன்றாக வந்த கதையைப் பள்ளிக்கல்வித் துறை நடத்தும் ஊஞ்சல் போன்ற சிறுவர் இதழுக்கு அனுப்பிப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: மறுபடி சந்திக்க வைத்தல்

ஒரு முறை எழுதிய சொல் நிற்காது, பல இடத்தில் பல முறை எதிர்ப்பட வேண்டும். துண்டுச் சீட்டும் பெட்டியும் இதற்குத்தான். வாங்கிய சொல்லைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், பின்பக்கம் தன் கதையில் வந்த வாக்கியத்தை எழுத வேண்டும். அடுத்த கதை தொடங்கும்போது ஆளுக்கு இரண்டு சீட்டு எடுக்கட்டும், அடுத்தவர் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது, போட்டவரிடமே போய்ப் பொருள் கேட்டுக்கொள்வார்கள். கதையில் வலுக்கட்டாயமாக நுழைக்க வேண்டாம், பொருந்தவில்லை என்றால் சீட்டை மாற்றிக்கொள்ளலாம்.

சொல்லை அதன் குடும்பத்தோடு சேர்த்துப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். 'நட' வந்தால் நடை, நடத்து, நடப்பு, நடைபாதை. 'தயங்கு' வந்தால் தயக்கம், தயங்காமல். ஒரு சொல் வாங்கியவனுக்கு நாலு சொல் கூட வரும்.

சில சிக்கல்கள்

கதை முடிவில் எல்லாப் பிள்ளையும் 'நீதி:' என்று ஒன்று எழுதும். வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். நீதிக்காக எழுதும் கதையில் நல்லவன், கெட்டவன் என்ற இரண்டு சொல்லைத் தாண்டி எதுவும் தேவைப்படுவதில்லை.

அடுத்து மதிப்பெண். கதை நோட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள், போட்ட அன்றைக்கே கோடு போடுவது நின்றுவிடும். வளர்ச்சி தெரிய வேண்டுமென்றால் ஜூன் மாதம் எழுதிய முதல் கதையைப் பத்திரப்படுத்தி, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எழுதிய கதையோடு பக்கத்தில் வையுங்கள். போனான், வந்தான் எத்தனை, வேறு வினைகள் எத்தனை என்று பிள்ளையையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் இந்த இரண்டு கதையையும் பிள்ளையின் வாயாலேயே வாசிக்க வையுங்கள்.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள், தெலுங்கோ கன்னடமோ இந்தியோ, வகுப்பில் இருந்தால் முதல் வரைவில் தங்கள் மொழிச் சொல்லையே கோட்டின் மேல் எழுதட்டும். கதை நிற்காமல் போகும், தமிழ்ச் சொல்லைச் சொல் கேட்கும் நேரத்தில் வாங்கிக்கொள்வார்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்வது எளிதில்லை. அப்படியானால் நான்காவது, ஐந்தாவது படிகளை மட்டுமாவது செய்யுங்கள்: கோடு போட விடுவது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. நூலகப் பாடவேளையிலேயே இதற்கு இடம் இருக்கிறது, மூன்று வகுப்பும் சேர்ந்தே எழுதலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல் கொடுக்கும்.